மாமாவின் ஃபயர்வால்

சித்தூரில் தனியாக இருக்கும் என் மாமனாரின் கம்ப்யூட்டருக்கு எளிமையான பாதுகாப்பு மென்பொருளாகப் பார்த்துப் போட்டவள் நான்தான். ஆங்கிலம் அவரைக் குழப்புமே என்று எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பினேன். நான் வேலூர்ப் பெண். புகுந்த வீட்டிலும் பேசுவது தமிழ்தான்.

கொஞ்ச நாளில், வெளிநாட்டிலிருக்கும் மகளோடு அவர் பேசும் வீடியோ கால் நின்றுபோனது. போய்ப் பார்த்தேன். அந்த அழைப்பை அனுமதிக்கலாமா என்று ஃபயர்வால் கேட்டிருக்கிறது; அவர் 'தடு' என்பதை அழுத்தியிருக்கிறார்.

"இதைப் படிக்கலையா மாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஆனால் திரையைப் பார்க்கவில்லை.

"பேசறதுதாம்மா தமிழு. நான் படிச்சது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்தே தெரியாது. நீ ஆசையா மாத்திக்கினு இருந்தே, எப்பிடிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

தடையை நீக்கி, மொழியைத் தெலுங்குக்கு மாற்றிக் கொடுத்தேன். அவர் மகளை அழைத்ததும் திரையில் ஏதோ கேள்வி வந்தது. கடகடவென்று படித்து ஒரு பொத்தானை அழுத்தினார். மகளின் முகம் தெரிந்தது.

"என்ன கேட்டுச்சு மாமா?" என்றேன். எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை.

திருப்பதியில் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல், தினமும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுகிறேன். அன்று தமிழுக்கு மாற்றும் முன் இவரையும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.