சிக்கந்தரின் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் போடும் எங்கள் சிவகாசி அச்சகத்தில் எனக்குப் பக்கத்து மேசை சிக்கந்தர். அவன் கம்ப்யூட்டர் மூச்சே விடாது. என்னுடையது மாவு மில்.

முதலாளியும் அடிக்கடி அவன் மேசைக்கே போய் நிற்பார். செல்லப்பிள்ளை! இரண்டுக்கும் சேர்த்து வயிறெரிந்தேன்.

நேற்று வெட்கத்தை விட்டு அவனிடமே ரகசியத்தைக் கேட்டேன்.

"சூட்ட இழுக்குற ஹீட்சிங்க் பெருசா, ஃபேன் அகலமா பாத்து வாங்குங்கண்ணே. மெதுவாச் சுத்துனாலே சூடு இறங்கிரும். ஆயிரத்து இருநூறுதான்."

இன்று காலை அதையே வாங்கி மாட்டினேன். அப்படியொரு அமைதி! கழற்றிய பழைய ஃபேனை சிக்கந்தர் கேட்டான். பெருந்தன்மையாகக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு முதலாளி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அச்சு மிஷின் சத்தம் நின்றாலே ஓடி வரும் மனிதர்.

"ஏலே முருகா, சத்தத்தையே காணோம்? சீசன் நேரத்துல சும்மா உக்காந்திருக்கியா?"

மதியத்துக்குள் மூன்று தடவை வந்துவிட்டார். மூன்றாவது தடவை பக்கத்து மேசையைக் காட்டினார். "அவனப் பாருலே. எம்புட்டு வேல ஓடுது!"

சிக்கந்தரின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என் பழைய ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அவன் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நன்றாக இரையும் பழைய ஃபேன் யாரிடமாவது இருக்கிறதா? என்ன விலையானாலும் சரி.