செல்வமலர் அக்கா வள்ளத்தை இறக்கிய இடம்

செல்வமலர் அக்கா தன் எசமானி சிஞ்ஞோராவைச் சேற்றுக்குள் வைத்து மிரட்டிக் கையெழுத்து வாங்கினார் என்று போர்கோ வெக்கியோ சந்தையில் சனம் கதைக்கிறது. விசர்க் கதை. வள்ளத்தின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். சிஞ்ஞோராவின் வீடு இருக்கிற கட்டடத்தில் படி கழுவுகிறவன்.

அக்கா நாலு வருடமாக சிஞ்ஞோரா எமிலியானாவின் வீட்டிலேயே தங்கிச் சமையல், துடைப்பு, தோய்ப்பு எல்லாம் பார்த்தார். மகளைக் கொழும்பில் தங்கச்சியிடம் விட்டிருந்தார். பிள்ளையை இந்த நாட்டுக்குக் கூப்பிட, 'அவளும் என் வீட்டில் தங்கலாம்' என்று சிஞ்ஞோரா ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும். செவ்வாய்க்கிழமை அதை விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் கொடுக்காவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். சிஞ்ஞோராவோ ஒன்றரை மாதமாக "நாளைக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் முந்திய ஞாயிறு, 1996 புரட்டாதியில், சிஞ்ஞோரா புது வள்ளத்தோடு மலை ஏரிக்குப் புறப்பட்டார். தூக்குவதற்கு நாங்கள் இருவர். ஏரி வற்றியிருந்தது. றோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் முந்நூறு யார் தூரத்துக்குச் சேறு.

"இழுத்துக்கொண்டு போவம். தூக்கினால் பாரத்துக்குக் கால் தாழும்," என்றார் அக்கா.

"வேண்டாம், அடி கீறுப்படும்," என்றார் சிஞ்ஞோரா.

அடி கீறக்கூடாதாம்! எங்கள் கால் முறிந்தால் பரவாயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வள்ளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

"அகஸ்ரின், நாணல் நிக்கிற இடமாப் பார்த்து மிதி. வேர் தாங்கும். மினுங்கிற இடத்துக்குப் போகாதை," என்றார் அக்கா என்னிடம்.

சிஞ்ஞோரா மினுங்கிய இடத்தாலேயே நேரே போனார். தொடை வரை தாழ்ந்ததும் "மதோன்னா!" என்று கத்தினார். வள்ளத்தை இறக்கி, சேற்றில் வழுக்கித் தள்ளிக்கொண்டுபோய், அவரை அதன்மேல் குப்புறப் படுக்கவைத்தோம். அக்கா ஒவ்வொரு காலாக இழுத்தெடுத்தார். சப்பாத்து ஒன்று உள்ளேயே போய்விட்டது.

சிஞ்ஞோரா அழுதுகொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தார். "என்ன வேண்டுமென்றாலும் கேள்."

அக்கா சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். கடதாசியும் பேனையும் இருந்தன.

"நாளைக்கு, வீட்டில்."

"இல்லை, இஞ்சை. எழுதும்வரைக்கும் நான் அசையமாட்டன்."

சிஞ்ஞோரா தூரத்து றோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்: "மகள் வந்தால் நீ வேறு வீடு பார்த்துப் போய்விடுவாய். இரவில் நான் தனியே படுக்க வேண்டும்."

"என்ரை பிள்ளை நாலு வருசமாத் தாயில்லாமல் படுக்குது, சிஞ்ஞோரா."

சிஞ்ஞோரா பேனையை வாங்கினார். வள்ளத்தின் இருக்கைப் பலகையில் கடதாசியை வைத்து எழுதத் தொடங்கியவர், பாதியில் நிமிர்ந்தார்.

"மகளுடைய பெயர் என்ன?"

நாலு வருடம் ஒரே கூரையின் கீழ்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வள்ளத்தை உதைத்திருப்பேன். அக்கா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, முழங்கால் சேற்றில் நின்றபடி, துசானி என்ற பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்.