திருத்தம் சார்

கூட்டம் தொடங்குமுன் நகராட்சி மன்றக் கூடத்தின் ஏ.சி.யை இரண்டு டிகிரி உயர்த்திவைப்பார் சார். தலைவர் வந்து உட்கார்ந்ததும் அது பழைய இடத்துக்கு இறங்கிவிடும். தேநீரைக் காகிதக் குவளையில் குடிக்கமாட்டார். தோள்பையிலிருந்து தம் எவர்சில்வர் டம்ளரை எடுத்து, காகிதக் குவளையில் வந்த தேநீரை அதில் ஊற்றிக்கொள்வார். காலிக் குவளையை நேர்த்தியாக மடித்துக் குப்பைக்கூடையில் போடுவார்.

ஐம்பதைக் கடந்தவர். நகராட்சி உறுப்பினராவதற்கு முன் சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தார். நீர்நிலைகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகள் கனமானவை. அலுவலகத்தில் எந்த மேசை ஆடினாலும் முட்டுக்கொடுக்க அவற்றைத்தான் தேடுவார்கள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எழுதி எழுதிச் சலித்து, முடிவெடுக்கும் இடத்துக்கே போய்விடுவது என்று தேர்தலில் நின்றார். தம் வார்டுக் குளத்தைக் காப்பேன் என்ற ஒரே வாக்குறுதியில் ஜெயித்தார்.

முதல் ஆண்டு சாலையோர மரங்களை வெட்டும் தீர்மானம் வந்தபோது தனி ஆளாக எதிர்த்து வாக்களித்தார். மரங்கள் போயின. குழுக்கள் எதிலும் அவருக்கு இடமில்லாமலும் போயிற்று. அன்று கற்றுக்கொண்டதை இன்றும் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார்: “எதுத்து நின்னா ஓரமா உக்கார வெச்சிடுவாங்க. உள்ள இருந்துக்கிட்டே நைசா ஒரு வாக்கியம் சேத்துடணும்.”

அடுத்த தீர்மானத்தில் ‘சுற்றுச்சூழலுக்கு ஊறு நேராவண்ணம்’ என்று சேர்க்கச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. வேறொருவருக்கு அந்த எளிமையே சந்தேகத்தைக் கிளப்பியிருக்கும். ஒரு சொல் செயலுக்குத் துணையாக வரலாம், செயலுக்குப் பதிலாகவும் வரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஆற்றங்கரைக் குப்பைமேடு, ஓடைமேல் கடைவளாகம் எல்லாம் ஊறு நேராவண்ணம் நிறைவேறின. அவருக்குத் ‘திருத்தம் சார்’ என்ற பெயரும் நிலைத்தது. ஒருநாள் காண்ட்ராக்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து பவ்வியமாகக் காகிதத்தை நீட்டினார். “சார், உங்க வாக்கியத்த நாங்களே போட்டுட்டோம். ஒரு பார்வ பாத்துக் குடுத்தா போதும்.” சாருக்குக் கோபம் வரவில்லை. மக்களிடம் விழிப்புணர்வு பரவிவிட்டது என்று மனைவியிடம் பூரித்துப்போனார். மனைவி மிக்ஸியைப் போட்டார்.

பிறகு குளத்தின் முறை வந்தது. அதை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டத் தீர்மானம் தயாரானது. குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், தரையோடு தரையாக இருக்கும் வீட்டின் முன்னறையில், அவருடைய அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கணவர் இறந்தபின் பிழைப்பு அந்த ஒற்றை இயந்திரத்தால்தான். பெருமழை பெய்தால் சந்துத் தண்ணீர் வாசற்படிவரை வரும். பிறகு குளத்துக்கு வடிந்துவிடும்.

மழைநீரை உறிஞ்சும் தரை போடவேண்டும் என்று எழுதிச் சேர்த்துவிடலாம் என அக்காவைத் தேற்றப் பார்த்தார் சார்.

“நீ எழுதுறது தண்ணி குடிக்குமாடா?” என்றார் அக்கா. “ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லிட்டு வா. போதும்.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கூட்டத்தில் தலைவர் வழக்கம்போலச் சிரித்தபடி, சாரின் திருத்தம் என்ன என்று கேட்டார். சார் எழுந்தார்.

“இந்தத் தடவ திருத்தம் எதுவும் இல்ல. இந்தக் குளத்த மூடவே கூடாது.”

தலைவர் பதறவில்லை. “சாரோட கவலை நியாயமானது. அதையும் சேத்து எழுதிக்குங்க” என்று செயலாளரிடம் சொன்னார். செயலாளர் எழுதி வாசித்தார்: ‘குளத்தின் இயல்பு கெடாத வகையில் குளத்தை மூடி, கார் நிறுத்துமிடம் கட்டலாம்.’ உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

சார் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். கிழித்துவிடுவார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாசித்தார்; மோசமான வாக்கியம் தந்த வலி முகத்தில் தெரிந்தது. பேனாவை எடுத்து, ‘கெடாத’ என்பதற்கு முன்னால் ‘சிறிதும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தியபோது அவர் கையும் அவற்றில் இருந்தது. தம் சொல் உள்ள வாக்கியத்தை எதிர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

மாலையில் தீர்மானத்தை நகலெடுக்க அக்கா கடைக்குப் போனார். அக்கா அதை வாசித்துவிட்டு, வேலை எப்போது தொடங்குகிறது என்று மட்டும் கேட்டார்.

“மழைக்கு முன்னாடியே. ஆனா ‘சிறிதும்’னு போட்டிருக்கேன்கா. அது ரொம்பக் கடுமையான நிபந்தன.”

அக்கா நகலை எடுத்துக் கொடுத்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாக மேல்தட்டுக்கு ஏற்றத் தொடங்கினார். அந்த நிபந்தனையை மீறுவது சட்டப்படி எவ்வளவு சிரமம் என்று சார் விளக்கிக்கொண்டே இருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கம் பாதியில் நின்றது. சார் நகலை மேசைமேல் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, குனிந்து, கீழ்த்தட்டிலிருந்த அடுத்த கட்டைத் தூக்கினார்.