டோக்கன் இல்லாத நாற்காலி

ரயில் நிலையத்தில் கிளாக் ரூம் பார்க்கும் அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் டோக்கன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயணி ஒருவர் பெட்டியைக் கொடுத்தால் ஒரு டோக்கனை இரண்டாகக் கிழிப்பார். ஒரு பாதியைப் பெட்டியில் கட்டுவார், மறு பாதியைப் பயணியின் கையில் கொடுப்பார். அந்தப் பாதி இல்லாமல் எவ்வளவு பெரிய மனுஷன் வந்து நின்றாலும் பெட்டி கிடைக்காது. கெடு தாண்டிய பெட்டி அவர் அலமாரியில் தங்காது, மேலதிகாரியிடம் போய்விடும். "விதி விதிதாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகும். "எல்லாம் சரியா இருக்கா, பார்த்துக்குங்க" என்று கேட்டு, அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அந்தப் பாதியை வாங்கிக் கூடையில் போடுவார். எந்தப் பெட்டி யாருடையது என்று ஆளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர் வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் எப்படி இருப்பார் என்கிறீர்கள்? பச்சைக் குழந்தை! யார் எதைக் கேட்டாலும் "சரி" தான். 'முடியாது' என்ற சொல் வாசற்படியிலேயே செருப்போடு கழன்றுவிடும்.

எதிர்வீட்டு கண்டக்டர் வெள்ளையடிக்கும்போது, "பத்து நாளைக்கு இருக்கட்டும் அண்ணே" என்று ஒரு இரும்பு பீரோவைக் கொண்டுவந்து கீழ் அறையில் நிறுத்தினார். சரி. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் வெள்ளையடித்தாகிவிட்டது, பீரோ நகரவில்லை. பக்கத்து மாடிவீட்டு டீச்சர் பெட்டி மாதிரி இருந்த பழைய டிவியையும் குழந்தை வண்டியையும் கொடுத்தார். சரி. அந்த வண்டியில் போன குழந்தைக்கு இப்போது மீசை முளைத்திருக்கிறது. மைத்துனன் இருக்கிறானே, உடம்பைக் குறைக்கிறேன் என்று ஒரு உடற்பயிற்சி சைக்கிள் வாங்கி, ஒரே வாரத்தில் மனம் மாறி, "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும் மாமா" என்று தள்ளிவிட்டுப் போனான். அதற்கும் சரி. தெருவே தன் வேண்டாத சாமான்களை இவர் தலையில் கட்டிவிட்டு வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டிருந்தது. கீழ் அறைக் கதவு பாதிதான் திறக்கும். உள்ளே போக வேண்டுமென்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைய வேண்டும்.

அவர் மனைவி ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருக்கும் வேலை. உட்கார்ந்தால் முதலாளிக்கு ஆகாது. நின்று நின்று முட்டி இரண்டும் தேய்ந்துபோய், போன வாரம்தான் அறுவை சிகிச்சை நடந்தது.

ஆஸ்பத்திரியில் மகள் அப்பாவைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள்.

"டாக்டர் படி ஏறவே கூடாதுன்னுட்டார். நீங்க படுக்கிறது மாடியில. கீழ் ரூம் இருக்கிற இருப்புல ஒரு பூனைகூட படுக்க முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க. இல்லேன்னா அம்மாவ என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க லிஃப்ட் இருக்கு."

"எத்தன நாளைக்கும்மா?"

"அம்மாவுக்கு எவ்வளவு நாள் இஷ்டமோ, அவ்வளவு நாள்."

டோக்கன்காரர் மனைவியைப் பார்த்தார். 'அதெல்லாம் வேண்டாம், நான் நம்ம வீட்டுக்கே வரேன்' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தபடி, "லிஃப்ட் இருந்தா சௌகரியந்தான்" என்றார்.

டோக்கன்காரர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டு போனார். இவள் ஒரேயடியாகப் போய்விட்டால்? காலையில் தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம்கூட இல்லாத வீட்டில் தான் ஒற்றையாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையே வந்தது.

மறுநாள் மாலை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினார். கிளம்பியவர் எப்படித் திரும்பினார் என்று கேளுங்கள். கண்டக்டர் வீட்டில் தேநீர் கொடுத்தார்கள், பீரோவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. டீச்சர் வீட்டில் பேச்சை எடுத்தார்.

"டீச்சர், அந்த டிவி..."

"அட, நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க! இந்தப் பிளாஸ்டிக் பூந்தொட்டியெல்லாம் பரண்ல சும்மா கிடக்கு. கையோட கொண்டுபோய் அந்த டிவி மேல வச்சிடுங்களேன்."

"சரி டீச்சர்."

இரண்டு கையிலும் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு அசடு வழிய அவர் வருவதை அம்மாவின் துணிமணி எடுக்க வந்து வாசலில் நின்ற மகள் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, உங்கள வச்சுக்கிட்டு அம்மா எப்படித்தான் குடும்பம் நடத்தினாங்களோ!" என்றாள். அவர் பூந்தொட்டியை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் கிளாக் ரூமில் ஒருவர் சண்டைக்கு வந்தார். பெட்டியை இன்னும் ஒரு வாரம் அங்கேயே வைத்திருக்க வேண்டுமாம். கெடு முடிந்துவிட்டது என்றார் டோக்கன்காரர். அந்த ஆள் கெஞ்சினார், குழைந்தார், பிறகு குரலை உயர்த்தினார்.

"விதி விதிதாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எடுத்துக்குங்க, இல்லேன்னா நாளைக்கு இங்க இருக்காது."

சொன்ன பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டார். எவ்வளவு நிதானமாக வந்தது! கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. எதிரே நின்ற ஆளும் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. டோக்கன்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். காக்கித் துணி, மார்பில் பித்தளை வில்லை. 'இதுதானா விஷயம்!' என்று தோன்றியது.

வழியில் கெட்டி அட்டையும் நூல்கண்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றைக்குச் சட்டையைக் கழற்றவில்லை. கீழ் அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு சாமானிலும் ஒரு பாதி டோக்கனைக் கட்டினார். மறு பாதியில் பொருளின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 'சனிக்கிழமை மாலைக்குள் எடுத்துக்கொள்ளாத பொருள் பழைய சாமான்காரரிடம் போகும்' என்று எழுதினார். பிறகு தெருவில் இறங்கினார்.

"என்னண்ணே, வீட்டுலயும் டியூட்டியா? சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு?" என்று கண்டக்டர் சிரித்தார்.

"இரும்பு பீரோ ஒண்ணு. இது உங்க டோக்கன். கெடு சனிக்கிழமை."

கண்டக்டருடைய சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவரும் ஆயுள் முழுக்கச் சீட்டு கிழித்துக் கொடுத்தவர் அல்லவா, கையில் சீட்டைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். டீச்சர், "இப்பவே சொன்னா எப்படிங்க, எங்க வீட்டுல இடம் ஏது?" என்று இழுத்தார். "எங்க வீட்டுலயும் இல்லங்க டீச்சர்" என்றார் இவர். தன் வாயா இப்படிப் பேசுகிறது என்று அவருக்கே ஆச்சரியம். மைத்துனன் தொலைபேசியில், "மாமா, அக்காவுக்கு உடம்பு சரியாயிட்டா அந்த சைக்கிள்ல அக்காவே ஓட்டலாமே" என்றான். அதற்கு டோக்கன்காரர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை தெருவே வேடிக்கை பார்த்தது. கண்டக்டரும் அவர் தம்பியும் பீரோவை மூச்சுவாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் சுவருக்குப் பதிலாக ஒரு ஜன்னல் இருந்தது! டோக்கன்காரர் வாயைப் பிளந்துவிட்டார். சொந்த வீட்டில் ஒரு ஜன்னல் இருப்பதை ஒரு மனுஷன் மறந்துவிடுவானா என்றால், மறந்துவிடுவான் போலிருக்கிறது. டீச்சர் குழந்தை வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு டிவியைக் கைகழுவினார். மைத்துனன் வரவே இல்லை. மாலையில் பழைய சாமான்காரர் வண்டியோடு வந்து டிவி, சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் ஏற்றினார்.

கடைசியில், அறையின் மூலையில், எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று மிஞ்சியது. கைப்பிடி வைத்த பிரம்பு நாற்காலி. இருக்கை நடுவில் கிழிந்து தொங்கியது. அதில் டோக்கன் இல்லை, கட்டும்போது அது கண்ணிலேயே படவில்லை.

"இதையும் ஏத்திடலாமா சார்?" என்றார் பழைய சாமான்காரர்.

"இருங்க, இருங்க. இது யாரோடதுன்னு தெரியல."

டோக்கன்காரருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. அவர் கைக்கு வந்த ஒரு பொருளுக்கு உரியவர் தெரியவில்லை என்று இதுவரை நடந்ததே இல்லை. எதிர்வீட்டில் கேட்டார், மாடிவீட்டில் கேட்டார். எங்களுடையது இல்லை என்றார்கள். மகள் தோளைக் குலுக்கினாள், அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அறை அடைந்துதான் கிடக்கிறது. பழைய சாமான்காரரை நாளை வரச் சொல்லிவிட்டு, வழக்கம் போல ஒரு டோக்கனை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை நாற்காலிக் கையில் கட்டினார். மறு பாதியில் 'பிரம்பு நாற்காலி' என்று எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மனைவி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டோக்கன்காரர் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னார். பீரோ போன கதைக்கு மனைவி சிரித்தார், தம்பியின் சைக்கிள் கதைக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

"எல்லாம் போயாச்சு. ஒரே ஒரு பொருளுக்குத்தான் ஆள் வரல. ஒரு பிரம்பு நாற்காலி. கைப்பிடி வச்சது. யாரு கொண்டுவந்து போட்டாங்கன்னு உனக்காவது ஞாபகம் இருக்கா?"

மனைவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே வற்றியது.

"அது என்னோடதுங்க."

"உன்னோடதா?" என்றார் டோக்கன்காரர்.

"என் மொத சம்பளத்துல வாங்கினது. நாள் பூரா கடையில நிக்கிறேன், வீட்டுக்கு வந்தா ஜன்னல் பக்கத்துல உட்கார எனக்குன்னு ஒண்ணு வேணும்னு வாங்கினேன். நீங்கதான் தோள்ல தூக்கிட்டு வந்தீங்க. அப்புறம் பத்து நாளைக்குன்னு பீரோ வந்துச்சு. நாற்காலிய மூலைக்குத் தள்ளினீங்க. என் நாற்காலிய எடுத்துக் குடுங்கன்னு கேட்டேன். சரின்னீங்க. மறுபடி கேட்டேன். மறுபடியும் சரின்னீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல."

டோக்கன்காரர் தலை குனிந்து நின்றார். ஊருக்கெல்லாம் சொன்ன சரி உடனே நடந்தது, இவளுக்குச் சொன்ன சரி மட்டும்தான் நடக்கவே இல்லை. வேலையில் எந்தப் பெட்டி யாருடையது என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவன், தினம் பார்க்கிற முகத்தைப் பார்த்து இந்த நாற்காலி யாருடையது என்று சொல்லவில்லையே. நின்று நின்று தேய்ந்த முட்டி, கட்டுப்போட்டு அவர் கண் எதிரே இருந்தது.

"தெருவுக்கே டோக்கன் குடுத்தீங்க. எனக்குக் குடுக்கலயே?" என்றார் மனைவி.

டோக்கன்காரர் சட்டைப்பையிலிருந்து அந்தப் பாதியை எடுத்தார். மனைவியிடம் நீட்டினார். மனைவி அதை வாங்கி, படித்துப் பார்த்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு... வீட்டுக்கு வருவியா?"

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தவர் நர்ஸிடம் நாற்காலியைப் பற்றிக் கேட்டார். தாழ்வான இருக்கை ஆகாது, முட்டி அதிகம் மடங்கக் கூடாது என்றார் நர்ஸ். ஞாயிறு விடிந்ததும் டோக்கன்காரர் நாற்காலியைக் கழுவித் துடைத்தார். கிழிந்த இருக்கைமேல் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்து, அதன்மேல் போர்வையை மடித்து விரித்தார். நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினார். தானே உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலை ஒட்டிப் போட்டார். வேறு செய்வதற்கு எதுவும் இல்லாமல் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தார். மகளின் கார் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

வெயில் ஏறிய பிறகு கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. டோக்கன்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்துக் கீழ் அறைக்கு வந்தார். கதவு முழுதாகத் திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு டீச்சர் நலம் விசாரிக்க வந்தார். வெறும் கையோடு வந்திருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார்.

"இப்பதான் ரூம் நல்லா காலியா இருக்கே! ரெண்டே நாள் இது இங்க இருக்கட்டுமா?"

டோக்கன்காரர் வாயைத் திறந்தார். உடம்பில் காக்கிச் சட்டை இல்லை, வெறும் பனியன்தான். மகள் பல்லைக் கடித்தாள். மனைவி வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்.

"இல்லங்க டீச்சர். இது அவங்க ரூம். இங்க வைக்க முடியாது."

"ஓ, அப்படியா? சரி, நான் மொட்டைமாடியில போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போயே விட்டார்.

அவ்வளவுதான்! ஒரே ஒரு வாக்கியம்! இதைச் சொல்லவா ஒரு ஆயுள் ஆயிற்று?

மனைவி மெல்லத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். உயரம் சரியாக இருந்தது. கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து அந்தப் பாதி டோக்கனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

டோக்கன்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பழக்கம் விடுமா?

"எல்லாம் சரியா இருக்கா, பார்த்துக்குங்க."

"இருக்கு. ரொம்ப லேட்டா குடுத்தீங்க" என்றார் மனைவி. கண் நிறைந்துவிட்டது. "கோவம் இன்னும் போகலங்க. சொல்லிட்டேன்."

"சரி" என்றார் டோக்கன்காரர்.

அறையில் உட்கார வேறு எதுவும் மிச்சம் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டார்.