மேகசினை முதலில் கழற்ற வேண்டும்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும், நுனியில் சின்னக் கொடி போல ஒரு வால். அமீரகத்து அல் ஐன் ஊரில் மேடம் துப்பாக்கி சுடப் போன கிளப்பை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். துப்பாக்கியில் குண்டு உட்காரும் இடத்தில் அதைச் செருகிவிட்டால் போல்ட், அதாவது அந்த இடத்தை மூடும் இரும்புத் தாழ், மூடாது. தூரத்தில் நிற்பவருக்கும் காலி என்று தெரியும். மேடம் அதை ஒருநாளும் ஞாபகமாகச் செருகியதில்லை.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். அவர் வீட்டில் ஒன்பது வருடமாகச் சமைக்கிறேன். வாரம் ஒருநாள் அவர் சுடப் போகும்போது பையையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நானும் போவேன். சுடாதவர்கள் தாண்டக் கூடாது என்று தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி. நான் அஞ்சாவது வரை படித்தவள்தான், ஆனாலும் ஒரே பாடத்தை வாராவாரம் கேட்டால் யாருக்கும் புரிந்துவிடும். கோச் யாழ்ப்பாணத்துக்காரர், தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார். இந்தத் துப்பாக்கியில் விசையை ஒருதடவை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் சுட்ட வேகத்திலேயே காலி உறை வெளியே தெறித்து, கீழே மேகசின் என்ற குண்டுப் பெட்டியில் இருக்கும் அடுத்த குண்டு தானாக மேலே ஏறிவிடும். போல்ட்டைக் கையால் இழுத்து விட்டாலும் அதேதான் நடக்கும். அதனால் முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு போல்ட்டை இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஆரஞ்சுத் துண்டைச் செருக வேண்டும். இவ்வளவுதான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து வெறுங்கையால் பழகிப் பார்க்கும்போது மேடம் என்னைத்தான் கேட்பார்: “அக்கா, மொதல்ல எதுங்க்கா?” நான் அடுக்களையிலிருந்து, “மேகசின், மேடம்” என்பேன். கிளப்புக்குப் போனதும் அவர் கை போல்ட்டுக்குத்தான் போகும். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தார். போல்ட்டை இழுத்தார். சுடாத குண்டு ஒன்று மேஜையில் உருண்டது. போல்ட் டக்கென்று மூடிக்கொண்டது. அதற்கப்புறம் மேகசினைக் கழற்றி வைத்தார். அடுத்த குண்டு அதற்குள் மேலே ஏறியாயிற்று என்று எனக்குத் தெரிந்தது. அன்று கோச்சுக்கும் என்ன அவசரமோ, கிட்டே வந்து பார்க்காமல், “எல்லாம் காலியோ?” என்று கேட்டார்.

“காலிங்க கோச்.”

குறித் தாளை மாற்றக் கோச் முன்னால் நடக்கத் தொடங்கினார். மேடம் துணியை எடுத்துத் துப்பாக்கியைத் துடைக்கப் போனார். ஆபத்து என்று பட்டால் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டாப்’ என்று கத்தலாம், தேநீர் கொண்டுவருபவர்கூடக் கத்தலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாத தொண்டை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடி, கோச்சின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன்.

“என்னம்மா நீங்கள்! கோட்டுக்கு அங்கால நில்லுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்?”

“உள்ள... உள்ள ஒண்ணு இருக்கு சார்.”

அவர் மேடத்தை விலகி நிற்கச் சொல்லிவிட்டுப் போல்ட்டை இழுத்தார். குண்டு துள்ளி வெளியே விழுந்தது. பிறகு மேடத்தைப் பத்துத் தடவை முதலிலிருந்து செய்ய வைத்தார்.

காரில் மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “என்ற கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க்கா? அத்தன பேரு முன்னால போய் அவரு சட்டையப் புடிச்சு இழுக்கறீங்க.” எத்தனை வாரம் சொன்னேன் என்று கேட்டிருக்கலாம். அதற்கடுத்த வாரத்திலிருந்து பையை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

போன மாதம் வீட்டுக்கு மேடத்தின் தோழிகள் வந்திருந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடம் அந்தக் கதையைச் சொன்னார், ஆனால் அவர் சொன்ன கதையில் நான் இல்லை. உள்ளே ஒன்று இருப்பதை அவரே கண்டுபிடித்து, கோச்சை நிறுத்தியிருந்தார். ஒரு தோழி விடவில்லை. “அதான் ஒண்ணு வெளிய விழுந்துடுச்சேப்பா, அப்புறம் உள்ள எப்படி இன்னொண்ணு?”

மேடம் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிளப்பில் வராத சத்தம் இங்கேயும் வரவில்லை. டீ பாத்திரத்தை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த டிஷ்யூ பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவினேன். அடுத்த தாள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே பெட்டியை அப்பால் தள்ளினேன்; பெட்டி போன பிறகும் தாள் என் கையில் நின்றது.

“அட, அக்கா சூப்பர்!” என்று அந்தத் தோழி கையைத் தட்டினார்.

மேடமும் சிரித்தார். “பின்ன? நாந்தானே சொல்லிக் குடுத்தேன்” என்றார்.

நான் உருவிய தாளால் மேஜையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தேன்.