நாலு மணி மெசேஜ்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். ஆபீஸ் என்றால் வேறெங்கும் இல்லை, மாத்தளையில் என் வீட்டு மேசைதான். ரியாஸ் நானாவின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவைதான் எடுத்தேன்.

"தம்பி, செல்வமணிய ஆஸ்பத்திரில சேர்த்திருக்காங்க. மூச்சு எடுக்க ஏலாம, கொழுந்து லொறில ஏத்திக் கொண்டு வந்தாங்களாம்."

"ஏன் நானா? நேத்து டயாலிசிஸுக்கு வந்தாங்கதானே?"

"வரல்லயே. அவங்ககிட்ட இருந்து பதில் வரல்ல. அதனால நான் மேல போகல்ல."

ரியாஸை நான் நானா என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிடுவேன். அவருக்கு ஒரு வேன் இருக்கிறது. மற்ற நாட்களில் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போவார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அந்த வேன் வேறு வேலைக்கு. விடிவதற்கு முன்பே ரத்தோட்டைக்கு மேலே ஏறி, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு, டயாலிசிஸுக்காக மாத்தளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். இரண்டு வருடமாகச் செய்கிறார். இதைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றிவிடுவார்.

யாரை ஏற்றுவது என்று அவருக்குச் சொல்வது நான் எழுதிய ஒரு சின்ன ஆப். முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு அது நோயாளிகளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும்: நாளை உங்களுக்கு முறை உண்டு. வருகிறவர்கள் 'சரி' என்று பதில் போடுவார்கள். அந்தப் பெயர்கள் ரியாஸ் நானாவின் போனுக்குப் போகும். பதில் வராவிட்டால், ஆள் வார்டில் இருக்கலாம், உறவினர் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அர்த்தம். வேன் அந்தப் பக்கம் ஏறாது. ஆஸ்பத்திரியில் மெஷின் பழுதாகி முறை இல்லாமல் போனால், நோயாளிகளுக்கு மெசேஜே போகாது. அவர்களும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

எளிமையான ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைப்பானேன்?

ஆப் ஓடியது ரத்தோட்டை டவுனில், ஒரு கடையின் பின்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில். உள்ளே மூன்று கன்டெய்னர்கள். கன்டெய்னர் என்றால் ஒரு புரோகிராமையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெப்சைட், ஒன்றில் பெயர் விபரம், மூன்றாவதில் மெசேஜ் அனுப்பும் வேலை. மூன்றும் எப்படிச் சேர்ந்து ஓட வேண்டும் என்பதை ஒரே ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தேன்.

மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போகும். கரண்ட் போனால் ஆப்பும் போகும். எத்தனை நாளைக்குக் கடைக்காரருக்கு போன் பண்ணி, "அண்ணே, கம்ப்யூட்டர கொஞ்சம் போட்டு விடுங்க" என்று கெஞ்சுவது? கொழும்பில் இருக்கும் ஒரு நண்பர், தான் வேலை செய்யும் இடத்தின் கிளஸ்டரில் ஒரு மூலை தருவதாகச் சொன்னார். கிளஸ்டர் என்பது பல மெஷின்கள் சேர்ந்து வேலை பார்க்கும் கூட்டம். ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கிளஸ்டருக்கு என் ஃபைல் புரியாது. அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டும். அப்படி மாற்றித் தரவே ஒரு டூல் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஒரு கமாண்ட். என் ஒரு ஃபைல் ஒன்பது ஃபைலாக வந்து விழுந்தது. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு வரி: பழைய மெஷினில் இருக்கும் ஒரு ஃபைலை நீங்கள் கேட்கிறீர்கள், அதை இங்கே கொண்டுவர முடியாது, விட்டுவிடுகிறேன்.

வாசித்தேன். வாசித்துவிட்டுக் கடந்து போனேன்.

இரண்டு பெட்டிகள் ஓடின. மெசேஜ் அனுப்பும் பெட்டி மட்டும் எழும்பவில்லை. தேடிப் பார்த்தால், அந்த மஞ்சள் வரி சொன்ன ஃபைல்தான் காரணம். பழைய மெஷினின் நேரத்தைக் கன்டெய்னருக்குக் காட்டும் ஃபைல் அது. நேரம்தானே, கிளஸ்டருக்குத் தெரியாத நேரமா என்று நினைத்தேன். அது சம்பந்தப்பட்ட இரண்டு வரிகளையும் அழித்தேன். மூன்றும் பச்சை, அதாவது ஓடுகின்றன.

சோதித்தும் பார்த்தேன். நோயாளிகள் இருபத்து மூன்று பேரின் பெயரும் இருந்தது. பட்டனை அழுத்தி என் போனுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினேன். உடனே வந்தது. மடியைத் தட்டிக்கொண்டு எழுந்து தேநீர் குடிக்கப் போனேன்.

வாடகை வீடு மாறியவர்களுக்குத் தெரியும். எல்லாச் சாமானையும் கட்டி எடுத்துப் போவோம். பழைய வீட்டுச் சுவரில் வீட்டுக்காரர் மாட்டியிருந்த கடிகாரத்தை எடுக்க மாட்டோம், அது நம்முடையது இல்லை. ஆனால் அத்தனை வருடமும் அதைப் பார்த்துத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருப்போம். என் ஆப்பும் அப்படித்தான் இரவல் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புது இடத்தில் அதற்குக் கிடைத்தது லண்டன் பக்கத்து நேரம். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால்.

நாலு மணிக்குப் போக வேண்டிய மெசேஜ் இரவு ஒன்பதரைக்குப் போயிருக்கிறது.

"புது மெஷின்தானே தம்பி, கொஞ்சம் சுணங்குதுன்னு நெனச்சேன்" என்றார் ரியாஸ் நானா. டவுனில் இருப்பவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். படுக்கப் போகும்போது மெசேஜைப் பார்த்து 'சரி' போட்டிருக்கிறார்கள். செல்வமணி இருக்கும், தோட்டத்தின் மேல் டிவிஷனில் அது நடக்காது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மட்டும்தான் எடுக்கும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். நாலு மணி என்று சொன்னதே செல்வமணிதான். இரண்டு வருடத்துக்கு முன் பெயர் பதியும்போது சொன்னார்: "நாலு மணிக்கு அனுப்புங்க சார். அப்ப மடுவத்துல எல்லாரும் இருப்பாங்க, நானும் மேல ஏறி வந்து பாத்துக்குவேன்." நான் ஃபைலில், இருபத்து நாலு மணிக் கணக்கில், பதினாறு என்று எழுதினேன். ஏன் பதினாறு என்ற காரணத்தை எழுதவில்லை. பிறகு மறந்தும் விட்டேன்.

மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செல்வமணிக்கு நாற்பது வயது இருக்காது. முகமும் காலும் வீங்கி, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவசரமாக மெஷினில் போட்டு எடுத்திருந்தார்கள். இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நர்ஸ் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"மூணரைக்கே மடுவத்துக்கு வந்துட்டேன் சார்" என்றார், விட்டு விட்டு. "பனி எறங்குற வரைக்கும் இருந்தேன். மெசேஜ் வரல்ல. சரி, மெஷின் பழுதாக்கும்னு எறங்கிப் போயிட்டேன்."

"பிழை என்னோடது" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல ஏதும் கோளாறா சார்?"

நல்ல மனுஷி. தப்பிக்க எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டார். "இல்ல. நான் ரெண்டு வரிய அழிச்சிட்டேன்" என்றேன்.

"எதுக்கு சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எத்தனையோ பெரிய ஆட்களுக்கு எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் என்னிடம் இருந்த உண்மையான பதில், பெட்டி பச்சையாக வேண்டும் என்பதற்காக, என்பது மட்டும்தான். அதை எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே திருத்தினேன். இலங்கை நேரம் என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்கு மேலே இன்னொரு வரி, மெஷின் வாசிக்காத, மனிதர் வாசிக்கும் குறிப்பு: மேல் டிவிஷனில் மடுவத்தில் மட்டுமே சிக்னல், நாலு மணியை மாற்றாதே.

ரியாஸ் நானாவோடும் உட்கார்ந்து பேசினேன். மெசேஜ் வராததை செல்வமணி 'முறை இல்லை' என்று எடுத்துக்கொண்டார், பதில் வராததை நானா 'ஆள் இல்லை' என்று எடுத்துக்கொண்டார். இருவர் மேலும் பிழை இல்லை... அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான். இப்போது முறை இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று மெசேஜ் போகும். பதில் வராவிட்டாலும் வேன் ஏறும்.

"சும்மா ஏறி எறங்கினா பரவாயில்ல தம்பி" என்றார் நானா. "இத மொதல்லயே செஞ்சிருக்கணும்."

செல்வமணி ஒரு வாரத்தில் தேறி வீட்டுக்குப் போனார். நானும் பெருமூச்சு விட்டேன். கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை ரியாஸ் நானா சொன்னார்: "அவங்க இப்ப நம்ம வேன்ல வாறதில்ல."

மாத்தளை டவுனுக்குக் கிட்ட, பலாபத்வலயில் செல்வமணியின் தங்கை இருக்கிறார். முறைக்கு முதல் நாளே பிள்ளைகள் இருவரையும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களிடம் விட்டுவிட்டு, பஸ் மாறி மாறி அங்கே போய்த் தங்கிவிடுகிறாராம். வாரத்தில் இரண்டு தடவை. நடந்தால் மூச்சு வாங்கும் உடம்போடு.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரி செய்துவிட்டேன், மூன்று தடவை சோதித்தேன், இனி அப்படி நடக்காது என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லது சார்" என்றார். "மத்தவங்களுக்கு ஒதவும்."

கிளஸ்டரில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது. திங்களும் வியாழனும் சரியாக நாலு மணிக்கு அவருக்கு மெசேஜ் போகிறது. அவர் அதற்கு முன்பே, இரண்டரை மணி பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விடுகிறார்.