முதல் தட்டு கிழவிக்கு

லிபெர்த்தா வீதியில் வீடு துப்புரவாக்கும் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது ஒரு தமிழ் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பிளீச் மணக்கும் விரல்கள், மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் ஒரு டேப்லெட். அதில் சாப்பாட்டுக்கடை நடத்தும் விளையாட்டு. கடைக்கு வருகிறவர்களின் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு இருக்கும். பரிமாறத் தாமதித்தால் அது குறையும். முழுவதும் குறைந்தால் ஆள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

நானும் அதை விளையாடுகிறவன். அவர் விளையாடியதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊன்றுகோலோடு ஒரு கிழவி வந்தால் போதும், மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு அவளுக்குத்தான் முதல் தட்டு. மற்றவர்கள் எழுந்து போவார்கள், கடை தோற்கும். மறுபடி தொடங்குவார். மறுபடியும் கிழவிதான்.

"அக்கா, கிழவிக்குத்தான் பொறுமை கூட. அவவின்ரை கோடு கெதியாக் குறையாது. கடைசியாக் குடுத்தாலும் காணும்," என்றேன்.

"ஓம் தம்பி, தெரியும்." அவர் நிமிரவில்லை. "அம்மாவும் அப்பிடித்தான். எப்ப கதைச்சாலும், அவசரமில்லைப் பிள்ளை, பெர்மெசோ விசா கைக்கு வந்தாப் பிறகு ஊருக்கு ஆறுதலா வா எண்டுதான் சொல்லுவா. நானும் ஆறுதலா இருந்திட்டன்." கண்ணாடித் திரையை விரலால் தட்டினார். "செத்தவீட்டை இதிலைதான் பாத்தனான்."

பிறகு அவரை நான் காணவில்லை. விளையாட்டில் வெகுதூரம் போய்விட்டேன். கிழவி வரும்போது மட்டும் கை தயங்குகிறது. அதற்குள் யாராவது எழுந்து போய்விடுகிறார்கள்.